மச்சானும் நானும், ஒரு ஷூ பெட்டியும்

கேள்வி: கோத்தகிரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கோவையில் படித்தபோது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு விளையாட்டை ஆடப் பழகினேன். அங்கே கடையில் எட்டுப் பேர் சேர்ந்து ட்ராஃப்ட் ஆடுவோம். இங்கே எனக்கு ஜோடி என் மச்சான் மட்டும்தான். அக்கா வீட்டுக்காரர், தேயிலை ஃபேக்டரியில் வேலை, ஞாயிறு சாயங்காலம் வருவார். மேஜிக்கின் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ செட்டில் பூஸ்டர் பெட்டி (உள்ளே என்ன கார்டு என்று தெரியாத சீல் வைத்த பாக்கெட்டுகள்) ஒன்று வாங்கினோம். 36 பாக்கெட், வாரத்துக்கு ஆறு. ஆறே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துவிட்டது. பிரித்த கார்டெல்லாம் ஷூ பெட்டியில் கிடக்கிறது. திரும்பத் திரும்ப ட்ராஃப்ட் ஆட ஒரு செட் வேண்டும். இன்னொரு பூஸ்டர் பெட்டி வாங்கலாமா, யாரோ விற்கிற 540 கார்டு க்யூபை வாங்கலாமா? இன்னொரு சிக்கல்: மச்சான் என்ன வந்தாலும் நீலமும் கறுப்பும்தான் எடுப்பார். நான் சிவப்பும் வெள்ளையும். இப்போதெல்லாம் அக்காவும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்கிறாள்.

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய செட்டில் முக்கால்வாசி அந்த ஷூ பெட்டியிலேயே இருக்கிறது. குன்னூரில் விளையாட்டுக் கூடம் வைத்துக் கார்டு விற்றுப் பிழைக்கிற நான் இப்படிச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை.

ட்ராஃப்ட் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. வீட்டிலிருந்து தயார் டெக் கொண்டுவராமல், மேஜையில் வைத்தே கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, அதில் 40 கார்டு டெக் கட்டி ஆடுவதுதான் ட்ராஃப்ட். வழக்கமாக 23 கார்டும் 17 லேண்டும். லேண்ட் என்பது மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான ‘மானா’ என்ற சக்தியைத் தரும் கார்டு; வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து கலருக்கும் தனித்தனி லேண்ட். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த மேஜிக்கில் பலருக்கும் இதுதான் பிடித்த பகுதி. காசு உள்ளவன் டெக், இல்லாதவன் டெக் என்ற பேதம் இதில் கிடையாது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். பாக்கெட்டுக்கு 14 கார்டு, 36 பாக்கெட், மொத்தம் 504. சாதா லேண்டுகளைக் கழித்தாலும் நானூற்றுச் சொச்சம் மிஞ்சும். அந்த செட்டின் காமன் (அடிக்கடி கிடைக்கிற) கார்டுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பிரதி உங்களிடம் இருக்கும். இவ்வளவையும் ஆறு வாரம் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு ஷூ பெட்டியில் போட்டுவிட்டீர்கள். ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ந்தது பாக்கெட் கிழிக்கிற சுகம். கார்டு தீரவில்லை.

நம் வீடுகளில் அதே 52 சீட்டை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆடுகிறார்கள். முன்னூற்றுநாலில் ஏழாம் நம்பர் சீட்டுக்கு ஒரு பாயிண்டும் கிடையாது. ஆனால் அதுவே துருப்பாக வந்தால் எதிராளியின் ஆஸை வெட்டிப்போடும். சீட்டு அதேதான், துருப்பு மாறியதும் அதன் மதிப்பு மாறிவிடுகிறது. ஒரு செட்டைத் திரும்பத் திரும்ப ஆட முடியுமா என்று பார்க்க நான் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்: போன வாரம் பிரமாதமாக இருந்த கார்டு, இந்த வாரம் சுமாராக ஆகுமா? ஆகுமென்றால் அந்த செட் வருஷக்கணக்கில் உழைக்கும். எல்லா வாரமும் அதே கார்டுதான் பிரமாதம் என்றால், 540 இருந்தாலும் ஐயாயிரம் இருந்தாலும் பத்தாவது வாரம் அலுத்துவிடும்.

இப்போது அந்த 540 க்யூப். க்யூப் என்பது பிரதி இல்லாமல் ஒவ்வொரு கார்டையும் ஒன்றே ஒன்று வைத்துக் கட்டுகிற நிரந்தர ட்ராஃப்ட் பெட்டி. வழக்கமான அளவு 360, ஏனென்றால் எட்டுப் பேர், ஆளுக்கு 45. 540 என்பது அதைவிடப் பெரிய கூட்டத்துக்கானது, அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கார்டு வரட்டும் என்கிறவர்களுக்கானது. நீங்கள் இரண்டு பேர் ஒரு மாலையில் தொடப்போவது 90 கார்டு. அந்த க்யூபில், சின்னச் சின்னப் படைகளைப் பெருக்கி அடிக்கிற திட்டத்துக்கு 10 கார்டு இருக்கிறது என்று வையுங்கள். 540-இல் 90 என்றால் ஆறில் ஒரு பங்கு, அந்தப் பத்தில் சராசரியாக ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படும். இரண்டு கார்டை வைத்து என்ன திட்டம் போடுவது? கடைசியில் இருவரும் தனித்தனியாக வலுவான கார்டுகளைப் பொறுக்கி எடுத்து ஆடுவீர்கள். ஒவ்வொரு வாரமும் அதேதான் நடக்கும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அது கல்யாணப் பந்திக்கு வைத்த அண்டா, உங்களுக்கு வேண்டியது வீட்டுக் குக்கர்.

நான் சொல்கிற அளவு 180. ஐந்து கலருக்கும் 32 வீதம் 160, எந்தக் கலரிலும் சேராத கார்டு 20. இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. உங்கள் மச்சான் நீலம்-கறுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சிக்கலுக்கும் மருந்து இதில்தான் இருக்கிறது.

எட்டுப் பேர் மேஜையில் ஐந்து கலருக்கும் அடிபிடி இருக்கும். நீலம் வேண்டுமென்று நீங்கள் நினைத்தால், வலப்பக்கம் உட்கார்ந்தவரும் அதையே நினைத்திருப்பார். இரண்டு பேரில் அந்த நெருக்கடியே இல்லை. அவருக்கு இரண்டு கலர், உங்களுக்கு இரண்டு கலர், ஐந்தாவது சும்மா கிடக்கும். யாரும் யாரோடும் மோதவில்லை. பங்காளிகள் நிலத்தை அளந்து வேலி போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது உங்கள் ட்ராஃப்ட். மச்சான் மேல் தப்பில்லை, அவர் வேறு கலருக்குப் போக ஒரு காரணமும் இல்லை.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும் முன், கலருக்கு ஒன்றாக ஐந்து சாதா லேண்டையும் குப்புறப் போட்டுக் கலையுங்கள். மூன்றை எடுங்கள். அன்றைக்கு அந்த மூன்று கலர் மட்டும்தான். மற்ற இரண்டு கலரும் பெட்டியிலேயே தூங்கட்டும். மூன்று கலரில் ஆளுக்கு இரண்டு எடுத்தால் குறைந்தது ஒரு கலரிலாவது இருவரும் மோதியே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. ஐந்தில் மூன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழி இருக்கிறது. ஆக, ஒரே பெட்டிக்குள் பத்து வேறு வேறு செட். நீலமும் கறுப்பும் சேர்ந்து வருவது அந்தப் பத்தில் மூன்றில்தான். மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

அன்றைய மூன்று கலரும் கலர் இல்லாத இருபதும் சேர்ந்தால் 116. அதைக் கலைத்து 90 எடுத்தால் 26 கார்டு யார் கண்ணிலும் படாமல் நிற்கும். இந்த 26-ஐ வேஸ்ட் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கார்டும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டால், ‘என்னிடம் இல்லை, அப்படியானால் அவரிடம் இருக்கிறது’ என்று கணக்குப் போட்டுவிடலாம். 26 வெளியே நின்றால் அந்தக் கணக்கு உடையும். அதே சமயம், திட்டத்துக்கு வேண்டிய பத்து கார்டில் ஏழெட்டு எப்படியும் வந்துவிடும். 540-இல் ஒன்றிரண்டு, இதில் ஏழெட்டு.

எந்தக் கார்டை உள்ளே விடுவது? அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான், இங்கே அவசரப்பட வேண்டாம்.

முதலில் வெளியேற்ற வேண்டியது, தனியாளாக ஆட்டத்தையே முடித்துவிடுகிற கார்டு. 2012-இல் வந்த ‘ரிட்டர்ன் டு ராவ்னிகா’ செட்டில் ‘பேக் ராட்’ என்று ஒரு எலி. கையில் இருக்கிற எந்தக் கார்டைக் கீழே போட்டாலும் இன்னொரு எலி பிறக்கும், எலி பெருகப் பெருக எல்லா எலியும் பெரிதாகும். அது வந்த கணத்தில் உங்கள் கையில் இருக்கிற மற்ற கார்டுகளுக்கு அர்த்தமே இல்லை. எட்டுப் பேர் மேஜையில் அது யாரோ ஒருவரிடம் போகும், உங்களுக்கு எதிரே வராமலே போகலாம். இரண்டு பேரில் அது உங்களிடம் இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான். அன்றைய மாலை முழுக்க எலியை எடுத்தவருக்குத்தான். உங்கள் ஷூ பெட்டியிலிருக்கும் ரேர் கார்டுகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். நான் செய்தால் முக்கால்வாசி ரேரைத் தள்ளிவிடுவேன். காமனும் அன்காமனும் போதும்.

அடுத்தது, இரண்டு கலர் மானாவும் கட்டாயம் கேட்கிற தங்க நிற கார்டுகள். பார்க்க அழகு, ஆனால் உங்கள் பெட்டிக்கு ஆகாது. மூன்று கலர் எடுக்கிற முறையில் ஒரு குறிப்பிட்ட ஜோடி பத்தில் மூன்று வாரம்தான் வரும். மீதி ஏழு வாரம் அந்தக் கார்டு தண்டம்.

உள்ளே வர வேண்டியவை, வெவ்வேறு கூட்டணியில் வெவ்வேறு வேலை செய்கிறவை. உதாரணத்துக்கு ‘ரெய்ஸ் தி அலாரம்’ என்ற வெள்ளை காமன். இரண்டு மானாவுக்கு இரண்டு குட்டிச் சிப்பாய்கள், எதிராளியின் முறையிலும் இறக்கலாம். வெள்ளையோடு சிவப்பு வந்த வாரம் அது தாக்குதல் படை. கறுப்பு வந்த வாரம் பலி கொடுக்க ஆள். கறுப்பில் ‘வில்லேஜ் ரைட்ஸ்’ என்று ஒரு மானா காமன் இருக்கிறது, ஒரு படையைப் பலி கொடுத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். நீலத்தில் ‘மல்ட்ரிஃப்டர்’ தெரியும்தானே? ஐந்து மானாவுக்கு இறக்கினால் பறக்கிற படை, கூடவே இரண்டு கார்டு. மூன்றே மானாவுக்கும் இறக்கலாம், ஆனால் வந்தவுடன் செத்துவிடும். சாவதற்குள் அதை ‘வில்லேஜ் ரைட்ஸ்’ பலியாகக் கொடுத்தால் நான்கு மானாவுக்கு நான்கு கார்டு. இது நீலமும் கறுப்பும் சேர்ந்து வரும் வாரத்தில் மட்டும் நடக்கிற கூத்து. மற்ற வாரங்களில் இரண்டும் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கும். இப்படி ஒரு திட்டத்துக்கான கார்டுகள் ஒரு ஜோடிக்குள் அடைபடாமல் மூன்று கலரிலாவது பரவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியில் தூங்கும் இரண்டு கலரோடு திட்டமும் தூங்கிவிடும்.

ஒரு கலரின் 32-இல் பதினாறு பதினேழு படைகள் இருக்கட்டும். எதிரியின் படையை அழிக்கிற கார்டு ஐந்தாறு போதும். இரண்டு மானாவுக்குள் இறக்கக்கூடியவை எட்டுக்குக் குறையக் கூடாது. இதில் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்: இருவரும் பெரிய பெரிய கார்டாகச் சேர்த்துக்கொண்டு, நான்காவது சுற்று வரை வெறும் லேண்டை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். வேகமாக அடிக்கிற டெக்குக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஷூ பெட்டியிலிருந்து இப்படிப் பொறுக்கினால் 130, 140 தேறும். மீதி நாற்பது ஐம்பது காமனை உதிரியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு லேண்ட் வகைக்கு 18, மொத்தம் 90. இருவரும் ஒரே கலரில் மோதுவீர்கள் என்பதால் பத்து பத்து போதாது. உதிரி கிடைக்காத கார்டு இருந்தால், பேப்பரில் பெயரையும் விவரத்தையும் எழுதி ஒரு லேண்டுக்கு மேல் வைத்து ஸ்லீவுக்குள் (கார்டு போடும் பிளாஸ்டிக் உறை) செருகி, வீட்டில் ஆடிப்பாருங்கள். கடைப் போட்டியில் அது செல்லாது.

சரி, இரண்டு பேர் எப்படி ட்ராஃப்ட் செய்வது? நீங்கள் இதுவரை பாக்கெட்டைக் கைமாற்றி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கு அது சரிப்படாது, இரண்டாவது சுற்றிலேயே எல்லாம் தெரிந்துவிடும். கார்ஃபீல்டே இருவருக்காக ஒரு முறை வகுத்திருக்கிறார், ‘வின்ஸ்டன்’ என்று பெயர். 90 கார்டையும் கலைத்து ஒரே கட்டாகக் குப்புற வையுங்கள். மேலிருந்து மூன்று கார்டு எடுத்துத் தனித்தனியாகக் குப்புறப் போடுங்கள். இவைதான் மூன்று குவியல். உங்கள் முறை வந்ததும் முதல் குவியலை நீங்கள் மட்டும் பாருங்கள். பிடித்தால் முழுக் குவியலையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் கட்டிலிருந்து ஒரு கார்டு வையுங்கள். பிடிக்கவில்லையா, அப்படியே திரும்ப வைத்து, கட்டிலிருந்து ஒரு கார்டை யாரும் பார்க்காமல் அதன் மேல் போட்டுவிட்டு இரண்டாவது குவியலுக்குப் போங்கள். அதிலும் இதே கதை, மூன்றாவதிலும் இதே. மூன்றும் வேண்டாமென்றால் கட்டின் மேல் கார்டு உங்களுக்கு, அது எதுவானாலும்.

கேட்க எளிமையாகத் தெரியும், ஆடும்போது வயிறு கலங்கும். நீங்கள் வேண்டாமென்று விட்ட குவியலில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதன் மேல் என்ன விழுந்தது என்று தெரியாது. மச்சான் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைக்கிறார். ஏன்? அவர் பச்சைக்குப் போகவில்லையா, அல்லது இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைக்கிறாரா? இந்த முறையில் ஒருவர் முகத்தை ஒருவர் படிக்கிற வேலைதான் அதிகம். அக்கா வீட்டுக்காரரை அப்படிப் பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், இரண்டு வாரத்தில் போய்விடும்.

பத்துப் பதினைந்து வாரம் கழித்து முறையை மாற்ற நினைத்தால் ‘கிரிட்’ இருக்கிறது. ஒன்பது கார்டைத் திறந்தபடி மூன்றுக்கு மூன்றாகப் பரப்பி, ஒருவர் ஒரு வரிசையோ ஒரு பத்தியோ எடுக்க, அடுத்தவர் மீதியிலிருந்து ஒரு வரிசையோ பத்தியோ எடுப்பார், மிச்சம் கழிவு. அடுத்த பரப்பில் மற்றவர் முதலில். வழக்கமாக 18 பரப்பு, 162 கார்டு வேண்டும். உங்கள் மூன்று கலர் 116-இல் 12 பரப்புத்தான் வரும். டெக் கட்டக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், கலர் இல்லாத இருபதும் கைகொடுக்கும். எல்லாமே திறந்து கிடப்பதால் இது சதுரங்கம் ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வின்ஸ்டன்தான்.

இத்தனை வேலை வேண்டாம், தயாராக ஒன்று வேண்டும் என்கிறவர்களுக்கு: ‘எபிக்’ என்று 120 கார்டு விளையாட்டு ஒன்று, அதிலும் ட்ராஃப்ட் ஆடலாம், லேண்டே கிடையாது. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மேஜிக்கிலேயே 2020-இல் வந்த ‘ஜம்ப்ஸ்டார்ட்’ உண்டு, லேண்டோடு சேர்த்து 20 கார்டு பாக்கெட் இரண்டைக் கலந்தால் டெக் தயார். மச்சான் ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற நாளுக்கு நல்லது, ஆனால் அதில் நீங்கள் தேர்ந்தெடுக்கிறது எதுவும் இல்லை. போக்கெமோனை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பரிணாமம் அடைந்த கார்டு வந்து அதன் அடிப்படைக் கார்டு வராவிட்டால் என்ன செய்வது?

கார்டைக் காப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் மலையில் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 180-ம் 90-ம் சேர்ந்து 270, நூறு ஸ்லீவ் கொண்ட பாக்கெட் மூன்று வாங்குங்கள். மூன்றும் ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஒரே தடவையில். பின்னால் வாங்கினால் நிறத்தில் ஒரு சாயல் மாறும், கார்டு பின்பக்கத்திலேயே அடையாளம் தெரியும். மிஞ்சுகிற முப்பது, கிழிந்ததை மாற்ற. ஃபாயில் கார்டை உள்ளே விடவே விடாதீர்கள். ஈரத்தில் அட்டை உப்பும், மேலே ஒட்டிய பளபளப்பு உப்பாது, இரண்டும் இழுத்துக்கொண்டு கார்டு வளைந்துவிடும். என் முதல் பெட்டியில் ஆசைப்பட்டு முப்பது ஃபாயில் சேர்த்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் முப்பதும் அப்பளம். ஒரு கல்லூரிப் பையன் என் கட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணா, அடுத்து உங்க நல்ல கார்டு வருது” என்றான். வந்தது. கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதனால் புரட்டாசியிலேயே ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்துவிடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். அப்புறம், வர்க்கி. டீயோடு தின்னுங்கள், வேண்டாமென்று யார் சொல்வது? ஆனால் தின்ற கையோடு கார்டைத் தொட்டால் அந்த நெய்யும் தூளும் ஸ்லீவை விட்டுப் போகாது. என் கூடத்தில் வர்க்கிக்குத் தனி மேஜை.

அக்காவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்றுக்குப் பதில் நான்கு கலர் எடுங்கள், 148 வரும். அதில் 15 கார்டு வீதம் ஒன்பது கட்டு, ஆளுக்கு மூன்று கட்டு, பழைய மாதிரி கைமாற்றி எடுக்கலாம். மூன்று பேரானால் அது நன்றாகவே நடக்கும். மிஞ்சுகிற 13 கார்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது, குறிப்பாக மச்சான்.